தோட்டப் பள்ளி வாரியத்தில் நம்மவர்



தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அறையில் பெரும்பாலும் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் தொங்கும். ஒன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினுடையது. அதிலுள்ள பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. ஆண்டுக் கூட்டத்தில் கைதூக்கி நாமே தேர்ந்தெடுத்தவர்கள். மற்றொன்று பள்ளி வாரியத்தினுடையது. மலாயில் அதனை லெம்பாகா பெங்கெலோலா செகோலா என்பார்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை அங்கே அமர்த்தியவர் யார், அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், பிள்ளையை ஆறாண்டுக் காலம் அந்தப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரிலும் பலர் கையை விரிப்பார்கள். இன்றைய பேச்சுக்கு அந்த இரண்டாவது பட்டியலின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தன் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றிப் பேச ஒரு பால்மரத் தொழிலாளிக்கு நாற்காலி கிடைக்க எத்தனை காலம் ஆயிற்று என்பதை அதிலே காணலாம்.

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டு என்று குறிப்பது வழக்கம். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் அவ்வாண்டு தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கிற்று. 2016இல் அதன் இருநூறாம் ஆண்டை நாடெங்கும் கொண்டாடினோம். ஆனால் தோட்டப் பள்ளியின் பிறப்பு வேறு. அது ரப்பர் மரத்தோடு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு விலை ஏறியதும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய் உற்றார் உறவினரைத் திரட்டிக் கப்பலேற்றி வந்தான். தனி ஆளாக வந்தவர்கள் குறைந்து, குடும்பத்தோடு வந்தவர்கள் கூடினார்கள். குடும்பம் வந்தால் பிள்ளை வரும். பிள்ளை வந்தால் பள்ளி வேண்டும்.

அந்தப் பள்ளியை வைக்கச் சொன்னது சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்றது. நல்ல சட்டம்தான். ஆயினும் எப்படிப்பட்ட பள்ளி என்பதைப் பெரும்பாலும் தோட்டத்தின் மனத்துக்கே விட்டுவிட்டது. ஆகவே ஓரிடத்தில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை பள்ளியாயிற்று. இன்னோரிடத்தில் லயத்தின் கடைசி அறை. வேறோரிடத்தில் மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகை. பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவரும் பல இடங்களில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி, ஒரு கங்காணி, அல்லது கிராணிக்குத் துணையாக இருந்தவர். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. மாம்பழத்தையும் காவிரியையும் பற்றிப் படித்த பிள்ளை, ரம்புத்தானையும் பேராக் ஆற்றையும் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கு எசமான் யார்? துரை. கட்டடம் அவருடையது, நிலம் கம்பெனியுடையது, வாத்தியாரின் சம்பளம் ஆபீஸ் கணக்கில் போனது. வாத்தியாரை வைப்பதும் நீக்குவதும் அவர் சொல். அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தபோதும் அது தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே வந்தது. பெற்றோரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: பிள்ளையை அனுப்புவது. அதுவும் நடவாத நாள் உண்டு. புல்வெட்டுக்கு ஆள் வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பெற்றோரை எவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று பெற்றோரும் எண்ணவில்லை.

நம்மைப் பற்றி அன்று பேசியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தியாவில் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்த பிறகு, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1937இல் வெளியாயிற்று. கூலி, வீடு, மருத்துவம் இவற்றோடு பள்ளிக்கூடமும் அந்த அறிக்கைகளில் இடம்பெற்றது. ஆனால் அவற்றிலெல்லாம் தொழிலாளியைப் பற்றித்தான் பேச்சு; பேசியவர் தொழிலாளி அல்லர்.

பட்டணத்தில் நிலைமை அப்படியில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமத்தார் போன்றவர்கள் தாங்களே குழு அமைத்துப் பள்ளி நடத்தினார்கள். கடைக்காரர், இரயில்வே கிராணி, செட்டியார் என்று பலரும் நன்கொடை எழுதினார்கள். கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. தமிழனுக்குப் பள்ளி நடத்தத் தெரியாது என்ற பேச்சு எந்தக் காலத்திலும் உண்மையில்லை. தோட்டத்தில் மட்டும் அதற்கு வாய்ப்பில்லாமல் இருந்தது.

1941இன் இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். பள்ளிகள் பல மூடிக் கிடந்தன. தோட்டத்து ஆண்களில் எத்தனையோ பேர் சயாம் இரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தக் கதை தனியே பேச வேண்டியது.

போருக்குப் பின் ஒரு மாறுதல் வந்தது. அதைப் பள்ளி வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது நம் எண்ணம். தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்தார். சம்பள ஒப்பந்தம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சங்கக் கிளை ஒவ்வொரு தோட்டத்திலும் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தது. கூட்டத்துக்கு முன்கூட்டி அறிவிப்புக் கொடுப்பது, சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்து உறுதி செய்வது, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவது, செலவுக்கு இரசீது வைப்பது ஆகிய பழக்கங்களை ஐந்தாம் வகுப்போடு நின்ற தொழிலாளியும் அங்கே கற்றுக்கொண்டார். அதற்கும் முந்திய ஒரு பள்ளிக்கூடம் கோயில் கமிட்டி. தீமிதித் திருவிழாவுக்கு ஒரு குடும்பத்துக்கு இத்தனை வெள்ளி என்று வரி போட்டு, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று திருவிழா முடிந்த மறுவாரம் லயத்து மக்கள் முன்னால் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு வெள்ளி குறைந்தாலும் விடமாட்டார்கள். இந்த இரண்டிலும் பழகிய கைகளே பிற்காலத்தில் பள்ளி வாரியத்தின் கோப்பையும் பிடித்தன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1951இல் பார்ன்ஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக உள்ள ஒரே வகைத் தேசியப் பள்ளி போதும் என்பது அதன் சாரம். தமிழரும் சீனரும் கலங்கினார்கள். 1952இல் ஒரு சட்டம் வந்தது. பணமில்லாமலும் எதிர்ப்பாலும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் அப்துல் ரசாக் ஹுசேன் தலைமையில் அமைந்த குழு 1956இல் தன் அறிக்கையைத் தந்தது. அதனை ஒட்டி 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிறந்தது. தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தன. பொதுவான பாடத்திட்டம் வந்தது. காவிரியோடு பேராக் ஆறும் புத்தகத்தில் ஓடத் தொடங்கியது. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கப் பொறுப்பாயிற்று. அவற்றோடு பள்ளிக்கு ஒரு வாரியம் என்ற ஏற்பாடும் வந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தொடக்கப்பள்ளி வாரிய உறுப்பினருக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். இடைநிலைப்பள்ளி வாரிய உறுப்பினருக்கு ‘கவர்னர்’ என்று பெயர். இங்கிலாந்தில் இருந்த பழக்கம் அப்படியே கப்பலேறி வந்தது. அந்த நாட்டுக் கிராமத்தில் பள்ளி ‘மேனேஜர்’ என்றால் பாதிரியாராக இருப்பார், ஒரு விவசாயியாக இருப்பார். நம் தோட்டத்திலோ ‘மேனேஜர்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பெரிய பங்களாவில் இருப்பவர். ‘பள்ளிக்கு மேனேஜர்கள் வேண்டுமாம்’ என்று கேட்ட தொழிலாளி, அது தன்னைக் குறிக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஒரு சொல் இவ்வளவு தூரம் வழியை மறிக்குமா என்று கேட்கலாம். மறித்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே முதல் வாரியங்களில் பழைய படிநிலையே புதிய பெயரில் அமர்ந்தது. தோட்டங்கள் பலவற்றில் நிர்வாகியே தலைவர். பெரிய கிராணி, தோட்டத்து டிரெசர் எனப்படும் மருத்துவ உதவியாளர், தலைமையாசிரியர், இப்படியாகப் பட்டியல் நிரம்பிற்று. எங்கேனும் ஒரு தண்டல் இருந்தால் அதிகம். கூட்டம் ஆபீசில் நடக்கும், காலை 10 மணிக்கு நடக்கும், ஆங்கிலத்தில் நடக்கும். இவை மூன்றிலும் நாம் பெரிதாகக் கருதுவது நேரத்தைத்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்குக் காலை 10 மணி என்பது மரத்தடியில் நிற்கும் நேரம். கூட்டத்துக்குப் போனால் அன்றையப் பேர் போயிற்று. சட்டத்தில் தடையே இல்லாதபோதும் கடிகாரம் தடையாக இருந்தது. சில தோட்டங்களில் நல்ல மனம் படைத்த நிர்வாகிகள் இருந்தார்கள். பள்ளிக்குக் கூரை மாற்றித் தந்தார்கள், விளையாட்டுப் போட்டிக்கு லாரி அனுப்பினார்கள். அதனை மறைப்பது நன்றியன்று. ஆயினும் அவர் மாற்றலாகிப் போனால் அந்த நன்மையும் உடன் போயிற்று.

உள்ளூர் மக்களே பள்ளியை ஆளும் எண்ணம் வெளிநாடுகளில் எப்படி நடந்தது என்பதையும் ஒரு கணம் பார்க்கலாம். அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஒரே அறையுள்ள சிறு பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அக்கம்பக்கத்து விவசாயிகள் வாரியமாக அமர்ந்து ஆசிரியரை நியமித்தார்கள், அடுப்புக்கு விறகு வாங்கினார்கள். 1940ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 117,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. சிறியவற்றைச் சேர்த்துப் பெரியதாக்கும் கொள்கையால் 1970 வாக்கில் அவை 20,000க்கும் கீழே இறங்கின. கிராமத்துப் பிள்ளை பேருந்தில் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. பின்னர் 1991இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அரசாங்கப் பணத்தில், ஓர் ஒப்பந்தத்தின் பேரில், தனி வாரியம் ஒன்று நடத்தும் பள்ளிக்கு அது இடம் தந்தது. சாசனப் பள்ளி என்று தமிழில் சொல்லலாம். மூடவிருந்த தம் ஊர்ப் பள்ளியை அந்த வழியில் காப்பாற்றிக்கொண்ட கிராமங்கள் அங்கே உண்டு. விவசாயியும் கடைக்காரரும் மாலை வேளையில் வாரியத்தில் உட்கார்ந்து வரவுசெலவு பார்க்கிறார்கள். நம் பள்ளிகளின் சட்டம் வேறு, நிலைமை வேறு. ஆனால் ‘பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளி எதற்கு?’ என்ற கேள்வி மட்டும் கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் நாட்டில் அந்தக் கேள்வி தோட்டத் துண்டாடலோடு வந்தது. 1950களில் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 500 ஏக்கரில் ஒரு நிர்வாகம் இருந்த இடத்தில் பல சிறு உடைமையாளர்கள் வந்தார்கள். தொழிலாளி வேலையையும் லயத்தையும் ஒருசேர இழந்தார். அதனைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரத்தை வெட்டுபவரே அதில் பங்குதாரரும் ஆனார். இதே சம்பந்தன் தம் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பியவர். 1954இல் அதனைத் திறந்து வைக்க விஜயலட்சுமி பண்டிட் வந்தார். நிலமும் பள்ளியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

துண்டாடப்பட்ட தோட்டத்தில் பள்ளி என்ன ஆகும்? நம் வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அரசாங்க நிலத்தில் இருக்கும் பள்ளி முழு உதவி பெறும் பள்ளி. கட்டடம், பராமரிப்பு, ஆசிரியர் சம்பளம் யாவும் அரசாங்கத்தினுடையவை. தோட்ட நிலத்தில் இருக்கும் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி. அதற்கு ஆசிரியரும் பாடநூலும் நடைமுறைச் செலவுக்கான மானியமும் கிடைக்கும். ஆனால் நிலம் தனியாருடையதாக இருப்பதால் நிரந்தரக் கட்டடம் எழுப்பப் பணம் கேட்டால் தயக்கம் வரும். தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. கூரை ஒழுகினால் அரசாங்கம் தோட்டத்தைக் காட்டும். தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும். இருவருக்கும் நடுவில் நின்று கடிதம் எழுத வேண்டியவர்கள் வாரியத்தார்.

வாரியத் தலைவரே தோட்ட நிர்வாகியாக இருந்தால் அவர் யாருக்கு எழுதுவார்? பள்ளியின் சார்பில் தம் கம்பெனிக்கு எழுதி, கம்பெனியின் சார்பில் தாமே மறுமொழி எழுத வேண்டியதுதான். நிலத்தை விற்கும் நாள் வந்தபோது இந்த முரண்பாடு வெளிப்பட்டது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 500க்குச் சற்று மேல். சில பள்ளிகள் அருகிலிருந்தவற்றோடு இணைந்தன. அதில் நன்மையும் உண்டு. ஆனால் சில, தோட்டம் கைமாறிய வேகத்தில் பேர் சொல்ல ஆளின்றி மறைந்தன.

1970களிலிருந்து மெல்ல மெல்ல நம்மவர் வாரியத்துக்குள் வந்தார்கள். தோட்டத்தில் பிறந்து ஆசிரியரானவர், அரசாங்க வேலைக்குப் போனவர், லாரி ஓட்டிச் சொந்தக் காலில் நின்றவர், சங்கக் கிளைச் செயலாளர் எனப் பலரும் முன்னாள் மாணவர் என்ற முறையிலும் பெற்றோர் என்ற முறையிலும் உறுப்பினரானார்கள். பின்னாளில் நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறத் தொடங்கியபோது அவர்கள் இருந்ததன் பயன் தெரிந்தது.

சிலாங்கூரில் நாம் அறிந்த ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்லலாம். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேண்டாம். நிலம் மேம்பாட்டாளர் ஒருவரிடம் போகிறது என்ற செய்தி தேநீர்க்கடை வழியாகத்தான் வாரியத்துக்கு வந்தது. அந்த வாரியத்தில் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஆறாம் வகுப்புவரை படித்தவர். பள்ளி சம்பந்தமான எந்தத் தாளையும் அவர் எறிந்ததில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பள்ளிப் பதிவுச் சான்றிதழின் நகல், பழைய நிர்வாகம் பள்ளி வளவைக் குறித்து எழுதிய கடிதம், வேலி போட்டதற்குப் பெற்றோர் பணம் கட்டிய இரசீதுகள் எல்லாம் அதில் இருந்தன. வாரியத்தார் அவற்றை எடுத்துக்கொண்டு முதலில் மாவட்டக் கல்வி அலுவலகம் போனார்கள். பிறகு நில அலுவலகத்தில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தார்கள். அதன்பின் நகராண்மைக் கழகத்துக்குப் போய், வரப்போகும் வீடமைப்பின் வரைபடத்தைக் காட்டச் சொன்னார்கள். அதில் கடைவீதிக்கு இடம் இருந்தது, பூங்காவுக்கு இடம் இருந்தது, பள்ளிக்கு இடமில்லை.

அனுமதி தரப்படுமுன் இதனைக் கண்டதே அவர்களின் பலமாயிற்று. வரைபடம் முடிவாகிவிட்டால் பிறகு கெஞ்சத்தான் வேண்டும். முடிவாகுமுன் போனால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கடிதத்தை மலாயில் எழுத இளம் ஆசிரியை ஒருவர் உதவினார். கையெழுத்து வாரியத்தினுடையது. ஏனெனில் ஆசிரியர்களாகிய நாங்கள் அரசாங்க ஊழியர்கள். எல்லா இடத்திலும் எங்கள் பெயரை முன்னால் போட முடியாது. வாரிய உறுப்பினர் பொதுமக்கள். அமைச்சருக்கும் எழுதலாம், சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக் கதவையும் தட்டலாம். ஏறத்தாழ நான்காண்டு அலைந்தார்கள். இறுதியில் புதிய வீடமைப்பின் ஓரத்தில் பள்ளிக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பழைய பள்ளிக்கூடம் இடிபட்டது அதன் பிறகே. அந்த வரிசை முக்கியம். புதியது எழுமுன் பழையது இடிந்தால் பிள்ளைகள் சிதறிப் போவார்கள். சிதறிய பிள்ளைகளைத் திரும்பக் கூட்டுவது கடினம்.

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. வேறு மாதிரி வாரியங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். பட்டணத்துக்குக் குடிபோய் இருபதாண்டாகியும் தலைவர் பதவியை விடாதவர் உண்டு. கட்சிக் கிளைத் தகராறு பள்ளி வாசலுக்கு வந்து, ஒரே பள்ளிக்கு இரண்டு அணி வாரியம் என்று நின்றதும் உண்டு. திரட்டிய கட்டட நிதிக்குக் கணக்கு வராமல், மறுமுறை நன்கொடைக்குப் போனபோது மக்கள் கதவைச் சாத்திய இடமும் உண்டு. கோயில் கணக்கில் ஒரு வெள்ளி குறைந்தால் விடாத நம் மக்கள், பள்ளிக் கணக்கில் ஏன் வாய்மூடி இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறோம். கோயில் நம்முடையது, பள்ளி அரசாங்கத்தினுடையது என்ற நினைப்பாக இருக்கலாம். இன்னொரு குறையும் உண்டு. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்; வாரியப் பட்டியலிலோ பெண் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்குச் சமமாக மரம் வெட்டிய பெண்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகள் இவை. அந்தப் பழக்கம் நமக்கு நியாயமாகப் படவில்லை.

வாரியத்தின் எல்லை எதுவரை என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. ஓர் ஆசிரியரை மாற்றுவதோ பாடத்திட்டத்தை அமைப்பதோ அதன் வேலை அன்று. அது கல்வி இலாகாவைச் சேர்ந்தது. பள்ளியின் நிலம், கட்டடம், சொத்து, வாரியத்தின் பெயரில் வரும் நிதி, பள்ளியின் எதிர்காலம் ஆகியவையே அதன் பொறுப்பு. உறுப்பினரில் பெற்றோர், முன்னாள் மாணவர், பள்ளிக்கு ஆதரவு தருவோர் எனப் பல தரப்பினர் இருப்பர். பட்டியல் கல்வி இலாகாவின் அங்கீகாரம் பெற வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு. அதற்கென 1998இல் தனி விதிமுறைகள் வந்தன. அன்றாடப் பிள்ளை நலன், பள்ளியோடு ஒத்துழைப்பு ஆகியவை அதன் பணி. அது பள்ளியின் தொழில்முறை விவகாரத்தில் தலையிடலாகாது. சங்கம் ஆண்டுதோறும் மாறும். பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்தால் பெற்றோரும் போய்விடுவார். நிலவழக்கோ பத்தாண்டு நடக்கும். நீண்டகால நினைவு வாரியத்தில் இருந்தாக வேண்டியிருப்பது இதனால்தான்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2) பிரிவைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அது அமைச்சருக்குத் தந்தது. அந்தப் பிரிவு நீண்டகாலம் நம் மக்களின் தலைக்குமேல் தொங்கிற்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை. சட்டத்தால் வந்த பயம் அவ்வாறு விலகிற்று. மக்கள் இடம்பெயர்வதால் வரும் குறைவைச் சட்டம் தடுக்க முடியாது.

இன்று ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டன. பெயரில் ‘தோட்டம்’ என்று இருக்கும் பள்ளிகளில், அந்தத் தோட்டத்திலேயே குடியிருக்கும் பிள்ளை ஒருவரும் இல்லாதவை உண்டு. வேன் வைத்து வெளியிலிருந்து அழைத்து வருகிறார்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. அதனினும் மிகச் சிறியவற்றில் இரு வகுப்பைச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். அத்தகைய பள்ளியின் வாரியத்துக்கு முன்னால் இப்போது இருப்பது புதுக் கேள்வி: தாத்தா கட்டிய இடத்திலேயே வைத்திருப்பதா, அல்லது பிள்ளைகள் இருக்கும் நகர்ப்புறத்துக்கு அதே பெயரோடு பள்ளியை மாற்றித் தரும்படி அமைச்சைக் கேட்பதா? சில வாரியங்கள் கேட்டன. பள்ளிகள் இடம் மாறின. சில வாரியங்களில் பேச்சு இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் கோயிலும் இடுகாடும் இங்கே இருக்கின்றன என்கிறார்கள். மறுபக்கம் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் பதிந்தவர் இரண்டே பேர் என்கிறார்கள். இரண்டும் உண்மை.

இப்போதெல்லாம் அந்தக் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. நேரம் அதே காலை 10 மணிதான். உறுப்பினர்கள் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் காரில் வருகிறார்கள். பெரட்டு கிடையாது. யாருக்கும் பேர் போவதில்லை.